கணக்கு டிகிரி: சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

(தேசிய கணித நாளான டிசம்பர் 22 அன்று மாலை, நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியை ஒருவர் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக வெளியிடுகிறோம்.)



இன்று ராமானுஜன் பிறந்த நாள். 1887இல் அவர் பிறந்தது நம் பக்கத்து ஊரான ஈரோட்டில். அவர் பெருமை உங்களுக்குத் தெரியும். அவர் தோற்ற கதையை மட்டும் நினைவுபடுத்துகிறேன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, மற்ற பாடங்களில் தேறாததால் இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. அவருக்கே கல்லூரி நிபந்தனை போட்டது என்றால், நம் பிள்ளைகளுக்கு என்ன நிபந்தனை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே?

போன மே மாதம் லிஃப்டில் ஒரு அம்மா கேட்டார்: "ஏனுங்க மேடம், பொண்ணு கணக்குல தொண்ணூத்தஞ்சு. பி.எஸ்சி. மேக்ஸ் சேர்த்தலாமுங்களா?" மூன்றாவது மாடி வருவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறேன்.

முதலில் ஆபீஸ் கேட்கும் தகுதி. திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பி.எஸ்சி. கணிதத்துக்கு ப்ளஸ் டூவில் கணிதம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். அரசுக் கல்லூரி தரவரிசையில் தமிழ், ஆங்கிலம் தவிர்த்த நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். ஆகவே இந்த முடிவு ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று எடுப்பதல்ல. பத்தாவது முடிந்து குரூப் எடுக்கும் அன்றே பாதி முடிந்துவிடுகிறது. கணக்கு இல்லாத குரூப் எடுத்தால் இந்தக் கதவு மூடிவிடும். எம்.சி.ஏ. படிக்கவும் ப்ளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்கு படித்திருப்பது நல்லது என்பதைச் சேர்த்து யோசியுங்கள். வணிகக் கணிதம் படித்த பிள்ளை என்றால், அதை ஏற்பார்களா என்று சேர விரும்பும் கல்லூரியின் விவரக் கையேட்டைப் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

இனி, ஆபீஸ் கேட்காத தகுதிக்கு வருகிறேன். பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று துணி வரிசையாகத்தான் போகும். காம்பாக்டிங் சரியில்லாத துணியையும் தைத்துவிடலாம். பார்வைக்குப் பனியன் நன்றாகவே இருக்கும். முதல் சலவையில் சுருங்கும்போதுதான் குறை தெரியும். கணக்குப் படிப்பும் அப்படித்தான். முதலாண்டில் கால்குலஸும் அல்ஜீப்ராவும் வரும். கால்குலஸ் மேல் வகைக்கெழுச் சமன்பாடுகள் நிற்கின்றன. மூன்றாம் ஆண்டில் ரியல் அனலிசிஸ், காம்ப்ளெக்ஸ் அனலிசிஸ், நவீன இயற்கணிதம் எல்லாம் வரும். அடியில் இருப்பது ஆடினால் அன்றைக்குத்தான் தெரியும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் எதைப் படித்திருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருப்பார்கள். முதல் கால்குலஸில் தேறாதவரைப் பொதுவாக இரண்டாம் கால்குலஸில் சேர்க்கமாட்டார்கள். நம்மிடம் அரியரை வைத்துக்கொண்டே அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஒரு தாளுக்காக ஒரு வருடம் வீணாகாது. ஆனால் காவல் காக்கும் வேலையை மாணவரே செய்ய வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி. கல்லூரி முடிந்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போவாள். முதல் செமஸ்டரில் கால்குலஸ் அரியர். "கடைசியில எழுதிக்கறேன் மிஸ்" என்றாள். நானும் சரி என்றேன். மூன்றாம் ஆண்டு ரியல் அனலிசிஸில் அவள் எதையும் எழுதாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ப்ளஸ் டூ புத்தகத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். தேறினாள்; ஆனால் ஒரு வருடம் தாமதமாக. முதல் வருடமே நான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால் அந்த ஒரு வருடச் சம்பளம் அவள் வீட்டுக்குப் போயிருக்கும். அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். 0.999 என்று முடிவில்லாமல் 9 போட்டுக்கொண்டே போனால், அது 1க்குச் சமமா, கொஞ்சம் குறைவா? சமம்தான். குறைவு என்றால் எவ்வளவு இடைவெளி என்று சொல்ல வேண்டும். நீங்கள் எவ்வளவு சிறிய இடைவெளி சொன்னாலும், தேவையான அளவு 9 போட்டால் அதைவிடக் குறைந்துவிடுகிறது. ஆகவே இடைவெளியே கிடையாது. ரியல் அனலிசிஸ் முழுவதும் இந்த மாதிரிப் பேச்சுதான். உங்கள் பிள்ளை விடையைச் சரியாகச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. "அதெப்படி?" என்று சண்டைக்கு வந்தால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். "இது பரிட்சைக்கு வருமா?" என்று மட்டும் கேட்டால் இன்னும் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ப்ளஸ் டூ விடுமுறையில் ஆங்கிலக் கணிதப் புத்தகத்தைத் தமிழ்ப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். அவர்களில் பலருக்குக் கணக்கு தெரியும், வார்த்தைதான் தெரியாது. தமிழ், ஆங்கிலத் தாள்களையும் அலட்சியம் செய்யக் கூடாது. அவற்றில் தேறாமல் பட்டம் கிடையாது.

"படிச்சா வாத்தியார் வேலைதானே?" என்பார்கள். பி.எட். முடித்து ஆசிரியராவது நல்ல வழிதான். அது ஒன்றே வழி அல்ல. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு இருக்கிறது. அது கேட்பதும் நான் சொன்ன அனலிசிஸும் இயற்கணிதமும்தான். ப்ளஸ் டூ முடித்தவுடனே சேர, சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனமும், பெங்களூரில் பி.மேத். நடத்தும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்ப நாள் போய்விடும். ஜனவரியிலிருந்தே அவர்கள் இணையதளத்தைப் பாருங்கள்.

லிஃப்டில் கேட்ட அம்மாவுக்கு என் பதில் இதுதான்: தொண்ணூற்றைந்து மார்க் கதவைத் திறக்கும். உள்ளே நடக்க, அல்ஜீப்ராவில் கை ஓட வேண்டும், "ஏன்" என்று கேட்கத் தெரிய வேண்டும், அரியரை அடுத்த செமஸ்டரிலேயே முடிக்கும் பிடிவாதம் வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் காலை 10 மணிக்கு இதே கூடத்தில் இருப்பேன். பத்தாவது முதல் கல்லூரி வரை யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. நம் குடியிருப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளையும் அவசியம் அனுப்புங்கள். செக்யூரிட்டி மேசையில் நோட்டு வைத்திருக்கிறோம், பெயர் எழுதிவிடுங்கள். பழைய அரியர் இருக்கிறவர்கள் முதல் வரிசையில் உட்காரலாம்.