மாட்டை மறைக்காதீர்கள்



நான் பெங்களூரில் கால்நடை மருத்துவ உதவியாளர். ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்தோடு உங்கள் வாசலுக்கு வருகிறேன். சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும்.

“ஊசி போட்டால் பால் குறையுமே!” என்று சிலர் மாட்டை மறைக்கிறார்கள். ஓரிரு நாள் குறையலாம். பிறகு பழையபடி கறக்கும். கோமாரி வந்தாலோ வாயிலும் காலிலும் புண் வரும். மாடு தீனி எடுக்காது. பால் வற்றும். கன்று செத்தும் போகும்.

முன்பு வெக்கை நோய் வந்தால் தொழுவமே காலியாகும். அதைத் தடுக்க 1925-இல் பெங்களூரில் மருந்து நிலையம் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போய் ஊசி போட்டார்கள். 2011-இல் அந்த நோய் உலகத்திலேயே ஒழிந்தது.

கோமாரியையும் ஒழிக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடவேண்டும். ஐஸ் கரைவதற்குள் மாட்டைப் பிடித்து வாருங்கள்!