42 ஆண்டுப் பணிவிடை



நோய் தீர்ந்தவர் எழுந்து வீடு செல்வதைக் காணும் தாதிக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை. ஆனால், இனி எழவே மாட்டார் என்று தெரிந்த ஒருவருக்கு நாள்தோறும் பணிவிடை செய்வதில் என்ன பயன்? மும்பைத் தாதியர் சிலர் தம் வாழ்நாள் உழைப்பையே இதற்கு விடையாக அளித்தனர்.

கர்நாடகத்து ஹல்திப்பூரில் பிறந்த அருணா ஷான்பாக், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தாதியாக இருந்தார். 1973 நவம்பர் 27 அன்று, பணி முடித்து உடை மாற்றச் சென்ற அவரை, அங்கிருந்த ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கிக் கொடுமை செய்தான். மூளைக்குக் குருதி செல்வது தடைப்பட்டது. 25 வயதில் அவர் பேச்சிழந்தார், நடமாட்டம் இழந்தார். குற்றவாளிக்குக் கிடைத்தது 7 ஆண்டுச் சிறை. அருணாவோ ஏறக்குறைய 42 ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார்.

அவரைத் தம் குடும்பத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்டவர்கள் உடன் பணியாற்றிய தாதியரே. உணவை மசித்து ஊட்டினர், குளிப்பாட்டினர், துணி மாற்றினர். வேறிடத்திற்கு அவரை அகற்ற முயற்சி எழுந்தபோது, வேலைநிறுத்தம் செய்து தடுத்தனர். மூத்தோர் ஓய்வு பெற, இளையோர் அப்பொறுப்பை ஏற்றனர். அருணா நடமாடிய நாளில் பிறந்தேயிராத பெண்களும் அவருக்குப் பணிவிடை செய்தனர்.

படுத்த படுக்கையாய் இருப்போரைப் பேணியவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஒரே நிலையில் கிடந்தால் எலும்பு துருத்திய இடங்களில் தோல் அழுந்தி, குருதியோட்டம் நின்று, புண்ணாகும். சில மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்து, ஈரம் தங்காமல் துடைக்க வேண்டும். ஒரு நாள் அயர்ந்தாலும் தோல் காட்டிக்கொடுத்துவிடும். அத்தனை ஆண்டுகளிலும் அருணாவுக்குப் படுக்கைப்புண் உண்டாகவில்லை என்பது உச்ச நீதிமன்றத்தில் பதிவாயிற்று.

அவரை அமைதியாக இறக்க விடுமாறு எழுத்தாளர் பிங்கி விரானி நீதிமன்றத்தை வேண்டினார். அவ்வேண்டுகோளும் இரக்கத்தில் பிறந்ததே. தாதியரோ அதற்கு இசையவில்லை. 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அருணாவுக்காகப் பேசும் உரிமை, அவரைப் பேணிவந்த மருத்துவமனையினருக்கே உண்டு என்றது. மீளாநிலையில் உள்ளோருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த, கடும் நிபந்தனைகளுடன் அதே தீர்ப்பு வழி வகுத்தது.

2015 மே 18 அன்று நிமோனியா நோயால் அருணா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 66.

எது சரி என்பதில் நல்லோரும் மாறுபடலாம். ஆயினும், நன்றி என்ற ஒரு சொல்லைக்கூடத் திருப்பித் தர இயலாத ஒருவருக்காக அத்தாதியர் ஒவ்வொரு நாளும் வெந்நீரும் துணியும் ஏந்தி வந்தனர். நம் இல்லங்களிலும் அவ்வாறு படுத்திருக்கும் முதியோர் உண்டு. இன்று அவர்களை ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும்போது, அத்தாதியரையும் நினைத்துக் கொள்வோமாக.