நாட்டின் காவல் எது?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! மலையேறி வந்திருக்கும் மில் தொழிலாளர்களே! இம்மலையின் விவசாயத் தொழிலாளர்களே, தாய்மார்களே!

"இராணுவச் செலவைக் குறை" என்று வாய் திறந்தாலே "தேசத்துரோகி" என்று பட்டம் கட்டுகிறார்கள். நாம் கேட்கிறோம்: கணக்குக் கேட்பது துரோகமா?

எல்லைக்குக் காவல் வேண்டும். 1962-ல் சீனாவுடன் மூண்ட யுத்தத்தில் நம் சிப்பாய்கள் பனிமலையில் மெல்லிய உடுப்போடும் பழைய துப்பாக்கியோடும் நின்றார்கள். அக்கொடுமை மறுபடி நேரக் கூடாது. அந்தச் சிப்பாய் யார்? வேலூர் அருகே கம்மவான்பேட்டை, பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே "இராணுவப்பேட்டை" என்று பெயர் வாங்கிய ஊர். நம்மைப் போன்றோர் வீட்டுப் பிள்ளைகள்தான் எல்லையில் நிற்கிறார்கள்.

ஆனால் பாரம் யார் தலையில் இறங்கியது? 1963-64 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 867 கோடி ரூபாய். நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் மண்ணெண்ணெய் மீது வரியை ஏற்றினார். நிலவரி கட்டும் விவசாயியிடமும் சம்பளக்காரரிடமும் கட்டாய சேமிப்பு கேட்டார்.

1965-ல் பாகிஸ்தானுடன் யுத்தம். அமெரிக்கா ஆயுதத்தை நிறுத்தியது. கோதுமையையும் இழுத்துப் பிடித்து நெருக்கியது. வாரம் ஒரு வேளை உணவை விடுமாறு பிரதமர் சாஸ்திரி ஜனங்களைக் கேட்டார். பாடம் என்ன? களஞ்சியம் காலியானால் கோட்டை நிற்காது. சாமை விதைக்கும் இம்மலை ஜனங்களும் நாட்டின் காவற்படையே!

அண்மைக் கணக்கைப் பார்ப்போம். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்குச் சுமார் 6,81,000 கோடி. நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு! இவ்வளவு கொட்டியும் சிக்கனம் சிப்பாயிடம்தான். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலே வருஷ வேலை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை.

பிரான்சிடம் 36 ரபேல் விமானங்கள் வாங்க 2016-ல் ஒப்பந்தம். 2019-ல் பார்லிமெண்டில் வைத்த தணிக்கை அறிக்கையில் அவற்றின் விலையே மறைக்கப்பட்டது. கூலிக் கணக்கை மேஸ்திரி மறைத்தால் நாம் சும்மா இருப்போமா?

பாதையில்லாமல் நோயாளியைத் தோளில் சுமந்து இறக்கிய ஊர்கள் இம்மலையில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாதையும் பாதுகாப்புதான்.

ஆகவே நாம் கோருவது: ஆயுத பேரத்தின் கணக்கை ஜனங்கள் முன் வை! சிப்பாயின் வேலையிலும் பென்ஷனிலும் கை வைக்காதே! அண்டை நாடுகளுடன் பேச்சுவார்த்தை நடத்திப் பதற்றத்தைத் தணி. மிச்சமாகும் பணத்தை வேலைக்கும் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடு!

இக்கோரிக்கையை மில் வாசலிலும் களத்துமேட்டிலும் எடுத்துச் சொல்லுங்கள், தோழர்களே!