எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு கடன், தவணை பற்றிப் பேசப் போவதில்லை. நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறோம். எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். மகனுக்கு 22 வயசு. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், வலிப்பும் உண்டு. அந்த அக்கா ஒரு கூட்டம் வந்தால் அடுத்த கூட்டம் வரமாட்டார். வராததுக்கெல்லாம் அபராதம் போட்டோம். தீர்மான நோட்டில் எழுதி கறாராக வசூலும் செய்தோம். ஏன் வரலைன்னு ஒரு நாள்கூட வீட்டுப் பக்கம் போய்க் கேட்கலை.

போன மழைக்காலத்தில் அவர் வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. பையனுக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பது அந்த அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் மருந்துச் சீட்டைத் தேடினார்கள், கிடைக்கலை. ரெண்டு நாள் மாத்திரை இல்லாமல் போச்சு. மூணாம் நாள் வலிப்பு விடாமல் வந்து, அவனையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதே எங்களில் பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதுக்கப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். அக்கா கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல, எங்கள் ஊக்குநர் எழுதினார். மாத்திரை பேர், அளவு, நேரம், டாக்டர் பார்க்கும் நாள். அதோடு முடியும் என்று நினைத்தோம். பத்துப் பக்கம் போச்சு. சோற்றைக் குழைத்து, உட்கார வைத்துத்தான் ஊட்டணும், படுக்க வைத்து ஊட்டினால் புரையேறிடும். போதும் என்றால் முகத்தை இடது பக்கம் திருப்பிக்குவான். மிக்ஸி சத்தம் ஆகாது. இதையெல்லாம் எந்த டாக்டர் எழுதித் தருவார்? பெத்தவளுக்கு மட்டும்தானே தெரியும்! எழுதினால் மட்டும் போதாது. மாசத்தில் ஒரு நாளாவது வேறு கை ஊட்டிப் பழகணும். முதல் தடவை துப்பிட்டான். நாலாவது தடவை சாப்பிட்டான்.

அடுத்தது காகிதங்கள். பிள்ளைக்கு 18 வயசு முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர். பெத்தவங்க என்பதால் மட்டும் அவன் பேரில் கையெழுத்துப் போட முடியாது. இது நமக்கு விளங்குவது பேங்கில் திருப்பி அனுப்பும்போதுதான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-ஆம் வருடத்து நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் இருக்கும் மாவட்டக் குழு அதைச் செய்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்கணும், வருஷா வருஷம் கணக்கும் காட்டணும். நம்ம குழுக் கணக்கு மாதிரிதான், பயப்பட ஒன்றுமில்லை. இதே நாலு வகைப் பிள்ளைகளுக்கு நிரமயா என்ற மருத்துவக் காப்பீடும் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்காதவர்கள் முதலில் அதை வாங்குங்கள்.

சொத்து விஷயம் கொஞ்சம் கசப்பானது, ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். "தம்பியை நான் பாத்துக்கறேம்மா" என்று பெரியவன் சொன்னதும், வீட்டை அவன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த அம்மாக்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்படி எழுதிக் கொடுத்தால் திரும்ப வாங்குவது லேசில்லை. உயில் என்றால் உங்கள் உயிர் இருக்கும்வரை மாற்றலாம். சாட்சி ரெண்டு பேர் வேணும், சொத்தில் பங்கு இல்லாதவர்களாக வையுங்கள். ஊனம் என்ற காரணத்தால் பங்கு கிடையாது என்று யாராவது பஞ்சாயத்துப் பேசினால் நம்பாதீர்கள். 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டமே நோயோ, குறைபாடோ வாரிசு உரிமையைத் தடுக்காது என்கிறது. வீட்டுக்காரர் பி.எஃப். பிடிக்கும் மில்லில் வேலை பார்த்தால் அதையும் விசாரியுங்கள். முழுதும் முடங்கிய பிள்ளைக்கு அவர் காலத்துக்குப் பின் ஆயுசுக்கும் பென்ஷன் வர அதில் வழியுண்டு.

இன்னொன்று. "அதான் பொண்ணு இருக்காளே, பார்த்துக்குவா" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அந்தப் பொண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? அவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே உட்கார்ந்து பேசுங்கள், மாப்பிள்ளை வீட்டிலும் மறைக்காதீர்கள்.

படுக்கையில் கிடக்கும் மாமியார், மாமனார் உள்ளவர்களுக்கும் நோட்டு வேணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லாட்டி புண் வந்துடும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலமாக வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், ஊர் செவிலியரிடம் பேரைக் கொடுங்கள்.

அக்காவிடம் வாங்கிய அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கமாட்டேன் என்றார். பையனுக்கு ஒரு சாய்வு நாற்காலி செய்யச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்துவிட்டோம். அடுத்த கூட்டம் அவர் வீட்டுத் திண்ணையில், சாயந்திரம் 4 மணிக்கு. வரும்போது ஆளுக்கொரு நோட்டு கொண்டு வாங்க.