நேர்காணலில் வினைச்சொல்

ஆங்கிலத்தில் நேர்காணலுக்குத் தயாராகும் பிள்ளைகள் பலர் பெரிய பெரிய சொற்களைத் தேடி மனப்பாடம் செய்கிறார்கள். அந்த நேரத்தில் பாதியையாவது வினைச்சொல்லுக்குக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். செய்தேனா, செய்கிறேனா, செய்வேனா என்பதை வைத்துத்தான் எதிரே இருப்பவர் நம் பதிலை நம்புகிறார்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க வான்படைக்கு விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் உளவியலாளர் ஜான் ஃபிளனகன். ஒருவரைப் பற்றிய பொது அபிப்பிராயத்தைக் கேட்காமல், நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லி, அதில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்கும் முறையை அவர் வளர்த்தெடுத்து, 1954இல் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு 1980இல் கேரி லேதமும் உடன் ஆய்வாளர்களும், 'இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கும் நேர்காணலை முன்வைத்தார்கள். 1982இல் டாம் ஜான்ஸ் என்ற ஆய்வாளர், 'அப்படி ஒரு நிலை வந்தபோது என்ன செய்தீர்கள்?' என்று கேட்கச் சொன்னார்.

இன்று நம்மூர் கல்லூரி வளாகத் தேர்விலும் இரண்டு வகையும் கலந்து வருகின்றன. 'வாட் வுட் யூ டூ' என்றால் முதல் வகை. 'வாட் டிட் யூ டூ' என்றால் இரண்டாவது. அவர் 'டிட்' என்று கேட்க, நாம் 'ஐ வுட்' என்று தொடங்கினால், இந்தப் பிள்ளை கற்பனையாகச் சொல்கிறது என்று நினைத்துக்கொள்வார். நிஜமாகவே நடந்ததைச் சொல்லியும் பலன் கிடைக்காது.

நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவதற்குத் தாய்மொழிப் பழக்கமே ஒரு காரணம். தமிழில் வழக்கமாகச் செய்ததைச் சொல்ல எதிர்கால வினை வரும். 'அந்தக் கம்பெனியில் தினமும் காலையில் ஸ்டாக் பார்ப்பேன், சாயங்காலம் ரிப்போர்ட் தயார் செய்வேன்' என்பது பழுதில்லாத தமிழ். விட்டு வந்த வேலையைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரியும். அதையே 'டெய்லி ஐ வில் செக் த ஸ்டாக், ஐ வில் ப்ரிப்பேர் த ரிப்போர்ட்' என்றால், இனிமேல் செய்யப்போவதாகக் காதில் விழுகிறது. இரண்டு வருடம் பார்த்த வேலை வெறும் வாக்குறுதியாகிவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். 'ஐ செக்ட் த ஸ்டாக் எவ்ரி மார்னிங் அண்ட் ப்ரிப்பேர்ட் த ரிப்போர்ட்' என்றால் போதும். 'செக்ட்', 'ப்ரிப்பேர்ட்' என்பவற்றின் கடைசி ஒலியை விழுங்காமல் சொல்லுங்கள். இறந்தகாலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அடுத்து, செய்தது யார்? தமிழில் 'செய்தேன்' என்றால் விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடும். ஆங்கில 'டிட்' அதைக் காட்டாது. 'ஐ' என்றோ 'வீ' என்றோ முன்னால் சொல்லியாக வேண்டும். அங்கே நம் அடக்கம் குறுக்கே வருகிறது. தன்னைப் பற்றிச் சொல்லக் கூசி, எல்லாவற்றுக்கும் 'வீ' போடுகிறோம். பொறியியல் படித்தவர்களுக்கு லேப் ரெக்கார்டு எழுதி எழுதிச் செயப்பாட்டு வினையும் நாக்கில் ஊறிவிடுகிறது: 'த ப்ராஜெக்ட் வாஸ் டன் யூசிங் பைத்தான்.' நால்வர் சேர்ந்து செய்த ப்ராஜெக்டில் டேட்டாபேஸை வடிவமைத்தது நீ என்றால், 'வீ டெவலப்ட் த ஆப். ஐ டிசைன்ட் த டேட்டாபேஸ்' என்று தயங்காமல் சொல்லம்மா. மற்ற மூவரின் பங்கும் அதில் இருக்கிறது, உன் பங்கும் இருக்கிறது. 'ஐ குட் ஃபிக்ஸ் இட்' என்பதிலும் இதே கூச்சம்தான். சரிசெய்ய முடியும் என்று சொன்னதுபோல ஆகிவிடும். சரிசெய்தாயிற்று என்றால் 'ஐ ஃபிக்ஸ்ட் இட்.'

ஆண்டைச் சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2021.' எந்த ஆண்டில் முடித்தோம் என்று சொல்லிவிட்டால் 'ஹாவ்' வராது. அந்த ஆண்டிலிருந்து இன்றுவரை ஒரே இடத்தில் வேலை என்றால் 'ஐ ஹாவ் பீன் ஒர்க்கிங் தேர் சின்ஸ் 2021'. இங்கே 'ஹாவ்' இல்லாமல் முடியாது. 'ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதைக் கேட்டால் இலக்கண ஆசிரியர்கள் கொதிப்பார்கள். 'ஐ ஹாவ்' என்பதே சரி, பழகிக்கொள்ளுங்கள். ஆனால் கேட்பவருக்கு அதில் பொருள் மாறிப்போவதில்லை. ஆகையால் 'வில்', 'வுட்' இரண்டையும் முதலில் திருத்துங்கள் என்பேன்.

பயிற்சிக்குச் செல்போன் போதும். ஒரு பதிலைப் பதிவுசெய்து, திரும்பக் கேட்டு, அதில் வந்த வினைகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நடந்து முடிந்த ஒரு சம்பவத்தைச் சொன்ன பதிலில் 'வில்' வந்திருந்தால் உடனே கண்ணில் படும். அதை மாற்றி மறுபடி பேசிப் பதிவுசெய்யுங்கள். எழுதிவைத்து ஒப்பிக்க வேண்டாம். ஒப்பித்தால், கேள்வி சற்று மாறினாலும் வினை மாறாமல் பழையபடியே வந்து நிற்கும்.

நேர்காணல் முடியும்போது, 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். முதல் மூன்று மாதம் என்ன வேலை இருக்கும் என்று தாராளமாகக் கேளுங்கள். 'வாட் வுட் ஐ பி ஒர்க்கிங் ஆன்' என்று கேட்டால் நல்லது. வேலை இன்னும் கைக்கு வரவில்லை, முடிவு அவர்களுடையது என்ற மரியாதையை அந்த 'வுட்' காட்டுகிறது.