வாய் சொல்லும் சேதி



நான் மருத்துவன் அல்லன். பள்ளிக்கூடத்திலே முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆயினும் இன்று ஒரு நோயைக் குறித்துப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. அந்நோய் என் வாயின் வழியே எனக்குச் சேதி சொல்லி அனுப்பிற்று. ஓராண்டுக் காலம் அச்சேதியைப் படிக்கத் தெரியாதவனாய் நான் இருந்தேன். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவன், தன் வாயில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை! நீங்களாவது அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு அது. ரசஞ்சோறு உண்டாலே நாக்கு எரியும். கடைவாய் இரண்டும் வெடித்துப் புண்ணாயின. வகுப்பிலே அரைமணி நேரம் பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்டவர் எல்லாரும், "உடம்புச் சூடு ஐயா, வேறொன்றுமில்லை" என்றனர். நானும் மணத்தக்காளிக் கீரை உண்டேன், மோர் பருகினேன், சனிக்கிழமை தவறாது எண்ணெய் தேய்த்து முழுகினேன். எரிச்சல் சற்றே தணியும். பத்து நாளில் திரும்பி வரும். இப்படியே ஓராண்டு கழிந்தது.

கடைசியில் ஒரு பல் ஆடியது. அதைப் பிடுங்கிக்கொள்ளப் பல் மருத்துவரிடம் சென்றேன். அந்த இளம் மருத்துவர் பல்லைப் பார்ப்பதற்கு முன் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தார். தயிராடை போன்ற வெண்படலம் ஒன்று அங்கே படிந்திருந்தது. துணியால் துடைத்தார், அடியிலே சிவந்த புண் தெரிந்தது. பிறகு அவர் கேட்ட கேள்வி எனக்கு வியப்பாயிருந்தது: "இரவில் எத்தனை முறை எழுந்து போகிறீர்கள், ஐயா?" மறுநாள் வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்தேன். 126 மில்லிகிராமை எட்டினாலே நீரிழிவு என்று கொள்ளவேண்டிய இடத்தில், எனக்கு 212 இருந்தது. அடுத்த வாரம் கண் மருத்துவர், விழித்திரையின் நுண்குழாய்கள் கசியத் தொடங்கிவிட்டன என்றார். வாய் எரிந்த முதல் மாதமே போயிருந்தால், கண்ணுக்கு வந்த கேட்டை அவ்வளவு முன்னதாகத் தடுக்க முயன்றிருக்கலாம்.

வாய்க்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? சற்றே எண்ணிப் பார்ப்போம்.

வாயின் உட்புறம் முழுவதையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. சூடு, காரம், புளிப்பு, எலும்பு, முள் ஆகிய அனைத்தையும் நாள்தோறும் தாங்குவது அதுவே. வெளித்தோலைக் காட்டிலும் விரைவாக அது தேய்கிறது, விரைவாகவே புதுப்பிக்கவும்படுகிறது. அதற்குக் காவலாக நிற்பது உமிழ்நீர். நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் அந்நீர், வாயைக் கழுவுகிறது, கிருமிகளை அடக்குகிறது, சவ்வு உராயாமல் காக்கிறது.

நீரிழிவில் இந்த ஏற்பாடு நான்கு வழிகளில் குலைகிறது. முதலாவது, இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும்போது உடலின் நீரையும் இழுத்துச் செல்கிறது. வாய் வறள்கிறது, காவலாளி இளைத்துப் போகிறான். இரண்டாவது, உமிழ்நீரிலும் சர்க்கரையின் அளவு கூடுகிறது. கேண்டிடா என்னும் பூஞ்சை, நலமாயிருப்போர் பலர் வாயிலும் தீங்கின்றி ஒடுங்கிக் கிடப்பதே. வறண்ட வாயும் இனித்த உமிழ்நீரும் கிடைத்தால் அது பெருகிவிடுகிறது. என் கன்னத்தில் படிந்திருந்தது அதுதான். மூன்றாவது, நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் தம் வேகத்தை இழக்கின்றன. நான்காவது, நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடுகின்றன. அதனால் புண் ஆறத் தாமதமாகிறது. புண்ணே இல்லாதபோதும் சிலருக்கு நாக்கு எரிகிறது.

இனி, வேறொரு நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னோடு பணியாற்றிய ஓவிய ஆசிரியர் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் பின்னல் வேலை போன்ற கோடுகள் தோன்றின. துடைத்தாலும் அவை போகவில்லை. வீட்டார் அஞ்சினர், அவருக்கென்று தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்தனர். பேரக் குழந்தையை அவர் மடியில் விடவும் தயங்கினர். அவர் என்னிடம் அதைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. பின்னர் மருத்துவர் பார்த்து, அது லைக்கன் பிளானஸ் என்னும் நோய் என்றார். 1869-ஆம் ஆண்டு எராஸ்மஸ் வில்சன் என்னும் ஆங்கில மருத்துவர் பெயரிட்டு விவரித்த நோய் அது. உடலின் எதிர்ப்பாற்றலே தவறுதலாகத் தன் சவ்வைத் தாக்குவதால் உண்டாவது. தொற்று நோய் அன்று. ஒரு தம்ளரில் பருகினாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. அன்று மாலையே அந்தத் தனித் தம்ளர் பரணுக்கு ஏறிற்று.

இந்நோய்க்கும் நீரிழிவுக்கும் தொடர்பு உண்டா? 1960-களில் அர்ஜென்டினா நாட்டுத் தோல் மருத்துவர் கிரின்ஸ்பான், வாயில் லைக்கன் பிளானஸ் உடையவர்கள் சிலரிடம் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்திருப்பதைக் கண்டு எழுதினார். மூன்றும் கூடிய நிலைக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. பிற்கால ஆய்வுகளில் பல, இவ்விரு நோய்களும் ஒருவரிடமே காணப்படுவது சற்று மிகுதி என்கின்றன. சில அவ்வாறு காணவில்லை. இதற்கிடையே மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. நீரிழிவுக்கும் கொதிப்புக்கும் உண்ணும் மருந்துகளில் சில, தாமே இதுபோன்ற வெள்ளைக் கோடுகளை உண்டாக்க வல்லவை. அங்ஙனமாயின், கோட்டுக்குக் காரணம் நோயா, நோய்க்குத் தந்த மருந்தா?

மாணவர்களே, அறிவியல் பயில்வோர் மனத்தில் கொள்ளவேண்டிய பாடம் இது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து நிகழ்வதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பூஞ்சை விஷயத்தில் காரணமும் காரியமும் ஒருவாறு தெளிவாயிருக்கின்றன. லைக்கன் பிளானஸ் விஷயத்திலோ தொடர்பு தெரிகிறது; காரணம் தெளியவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அறிவு.

தொடர்பு ஒருவழிப் பாதையும் அன்று. ஈறு வீங்கி, சீழ் கொண்டு நெடுநாள் கிடந்தால், அவ்வழற்சி உடல் முழுவதையும் தொட்டு, இன்ஸுலின் செய்யவேண்டிய வேலையைத் தடுக்கிறது. இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. ஈற்று நோய்க்கு முறையாக மருத்துவம் செய்தால் சர்க்கரையும் ஓரளவு இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லைக்கன் பிளானஸுக்குப் பூசும் ஸ்டீராய்டு மருந்து வாயில் பூஞ்சையை வளர்க்கக்கூடும். அதையே மாத்திரையாக உண்டால் சர்க்கரையை ஏற்றிவிடும். ஆதலால் பல் மருத்துவரிடம் போகும்போது நீரிழிவைச் சொல்ல வேண்டும்; நீரிழிவு மருத்துவரிடம் போகும்போது வாயைக் காட்ட வேண்டும். ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்கு மறைப்பது நமக்கே கேடு.

வாய்ப்புண் கண்டவர்க்கெல்லாம் நீரிழிவு என்று எண்ணி அஞ்ச வேண்டா. பரீட்சைக் காலத்தில் உங்களுக்கு வரும் சிறு புண் ஒரு வாரம் பத்து நாளில் தானே ஆறிவிடும். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணை எவரும் புறக்கணிக்கலாகாது. வெள்ளைத் திட்டும் சிவந்த திட்டும் அவ்வாறே. பாக்கும் புகையிலையும் மெல்லுவோர் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். பாக்கு சவ்வின் அடியில் நாரை இறுக்கி, வாயையே திறக்கவொட்டாமல் செய்யும், புற்றுநோயும் தரும். லைக்கன் பிளானஸிலும் மிகச் சிலருக்குப் பிற்காலத்தில் புற்று தோன்றக்கூடும் என்பதால், மருத்துவர் குறிப்பிடும் காலந்தோறும் காட்டிக்கொள்வது நலம்.

இதையெல்லாம் இளைஞர்களாகிய உங்களிடம் ஏன் சொல்கிறேன்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டு வெளியான பேராய்வு ஒன்று, நம் நாட்டில் நீரிழிவு உடையவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று கணித்தது. அந்நோயின் வாயிற்படியில் நிற்பவர்கள் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். அவர்களுள் உங்கள் தாத்தாவோ பாட்டியோ, தாயோ தந்தையோ இருக்கக்கூடும். பெரியவர்கள் தங்கள் துன்பத்தை வாய்விட்டுச் சொல்வது அரிது. "காரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சாம்பாரை ஒதுக்குவார்கள். இரவில் நான்கு முறை தண்ணீர் குடிப்பார்கள். பொய்ப்பல் உறுத்துகிறதென்று கழற்றி வைப்பார்கள். அதைக் கவனிக்கும் கண் உங்களுடையதாய் இருக்கட்டும்.

இன்றிரவு சாப்பாட்டிற்குப் பின் பாட்டியின் அருகே சென்று அமருங்கள். "வாய் எரிகிறதா, பாட்டி? தாகம் அதிகமாயிருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் இசைந்தால் கைவிளக்கை அடித்து நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் பாருங்கள். ஐயம் தோன்றினால் நீங்களே மருந்து சொல்லிவிடாதீர்கள். மறுநாள் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

என்னை இப்படி ஒருவர் ஓராண்டு முன்னதாகக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு செய்தித்தாள் படிக்கும் காலையிலெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்நினைப்பு வரவேண்டாம்.