சேதாரம்

நடுத்தரக் குடும்பம் சேமிக்கத் தெரியாதது இல்லை. சேமிப்பு எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். பத்துப் பவுன் ஆரம், 80 கிராம். சேதாரம் 12 சதவீதம் என்றால் 9.6 கிராமுக்கான பணம், ஒரு பவுனுக்கும் மேல், கடையிலேயே போய்விடுகிறது. அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. விற்கப் போனால் இரண்டும் திரும்பி வராது. பங்குச் சந்தையைச் சூதாட்டம் என்கிற அதே வீடு, சேதாரத்தில் இரண்டு சதவீதம் பேரம் பேசிக் குறைத்துவிட்டு மகிழ்ந்துபோகிறது!

தங்கம் ஏறத்தானே செய்கிறது என்பீர்கள். ஏறுவது தங்கம், சேதாரமல்ல. அவசரத்துக்கு அடகு வைக்கலாமே, பெண்ணுக்கென்று ஒரு சொத்தாயிற்றே என்பது வலுவான வாதம்தான். கடன் எளிதில் கிடைக்காத வீட்டுக்கு நகைதான் காப்பீடு. அதற்கு நாலைந்து பவுன் இருக்கட்டும், அணிந்து அழகு பார்க்கவும் ஆகும். இருபது ஆண்டு பெட்டகத்தில் தூங்கப்போகிற மிச்சத்துக்கு எதற்குச் சேதாரம்? 2015-இல் அரசு வெளியிட்ட தங்கப் பத்திரம் தங்க விலையோடு ஆண்டு வட்டியும் தந்தது. கழுத்தில் போட முடியாததைச் சொத்து என்று ஏற்க மனசு வரவில்லை பலருக்கு. இப்போது அந்தப் பத்திரத்துக்குப் புது வெளியீடு இல்லை. ஆனால் பங்குபோல வாங்கி விற்கும் தங்க இடிஎஃப் இருக்கிறது, ஒரு டிமேட் கணக்கு போதும்.